நீல அட்டையை விட்டு இறங்கட்டும் நம் மாதிரிப் படகுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிக் கண்காட்சி, கைவினைக் கடை, அலுவலக வரவேற்பறை என்று எங்கே போனாலும் ஒரு மாதிரிப் படகாவது கண்ணில் படுகிறது. படகை நன்றாகவே செய்திருக்கிறார்கள். கயிற்றுக் கட்டு, என்ஜின், பதிவெண் வரைக்கும் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படகு நிற்பது நீலப் பெயின்ட் அடித்த தெர்மாகோல் அட்டையின்மேல். அடிப்பாகம் முழுதும் வெளியே தெரிய, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கடலூர் உப்பனாற்றிலும் புதுச்சேரித் தேங்காய்த்திட்டுத் துறையிலும் படகு எப்படிக் கிடக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். படகுக்குக் கொடுத்த உழைப்பில் பாதியை அதன் அடித்தளத்துக்குக் கொடுத்தால், பார்ப்பவர் அது எந்தத் துறை, எந்த மாதம், கடல் ஏற்றமா வற்றமா என்றே சொல்லிவிடுவார். கோடை விடுமுறையில் இந்த வேலையைத் தொடங்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று விவரமாக எழுதுகிறோம். தயவுசெய்து சுருக்காமல் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் விகிதம். நம் கரையில் ஓடும் ஃபைபர் படகு பெரும்பாலும் 30 அடி. 1:32 விகிதத்தில், அதாவது நிஜ அளவில் 32-இல் ஒரு பங்காக, அது ஏறத்தாழ 28.5 செ.மீ. வரும். மேசையில் வைத்துச் செய்ய வசதியான அளவு. ஐந்தரை அடி ஆள் 5.2 செ.மீ. இருப்பார். விசைப்படகை இந்த விகிதத்தில் எடுத்தால் அரை மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு 1:50 போதும். எந்த விகிதம் எடுத்தாலும் படகு, ஜெட்டி, கயிறு, டயர், மணல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கண்மட்டத்துக்குச் செய்தால் கயிறு வடம்போல் தடித்துவிடும், மணல் கூழாங்கல்லாகிவிடும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய் அளந்து வருவதுதான் சரியான தொடக்கம். நீர்மட்டத்திலிருந்து ஜெட்டியின் மேல்தளம் எவ்வளவு உயரம், தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம், தூணின் சுற்றளவு, கயிறு கட்டும் இரும்புக் குமிழின் உயரம் ஆகிய நான்கும் இருந்தால் மற்றதைப் படம் பார்த்தே முடித்துவிடலாம். அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் நேரத்துக்கு நேரம் மாறும்.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் எடுங்கள். நீரைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், திரும்ப இறங்காது. 28.5 செ.மீ. படகுக்கு 45-க்கு 30 செ.மீ. பலகை தாராளம். பலகையின் இரண்டு முகத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் வார்னிஷ் அல்லது பிரைமர் அடிக்க வேண்டும். மேல்முகத்துக்கு மட்டும் அடித்தால் அடிமுகம் ஈரத்தை இழுத்து வாங்கும், பலகை வளைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நிச்சயம் நடக்கும். பலகை வளைந்தால் மேலே ஊற்றிய நீர்ப்பரப்பில் வெடிப்பு விழலாம். அடியில் இரண்டு ரீப்பர் கட்டையை ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டால் வளைவு கட்டுப்படும், தூக்கவும் பிடி கிடைக்கும்.

படகைப் பலகையின் விளிம்புக்கு இணையாக வைக்காதீர்கள். 10 அல்லது 15 டிகிரி சாய்த்து வையுங்கள். விளிம்புக்கு இணையாக வைத்தால் கடை அலமாரிப் பொருளாகத் தெரியும். படகை நடுவில் வைக்கவும் வேண்டாம். அணியத்துக்கு, அதாவது படகின் முன்பகுதிக்கு, முன்னால் நீர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் படகு போகிற திசை தெரியும்.

அடுத்து மேடு பள்ளம். தெர்மாகோல் மணிமணியாக உதிரும், கத்தி போட்டால் பிய்யும். கட்டட மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்குப் போடும் எக்ஸ்பிஎஸ் பலகை கிடைத்தால் அதுவே சிறந்தது. 25 மி.மீ. பலகை ஒன்றைத் தளம் முழுதும் ஒட்டிவிட்டு, அதன் மேல்முகத்தை நீர்மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கரை அதற்கு மேலே எழும்பும். படகின் அடிப்பாகம் அதற்குள்ளே இறங்கும். ஃபெவிக்காலில் ஒட்டலாம், ஆனால் இரண்டு நுரைப் பலகைக்கு நடுவே காற்றுப் போகாததால் நடுப்பகுதி வாரம் கழித்தும் ஈரமாகவே இருக்கும். மூங்கில் குச்சி நாலைந்தைக் குத்தி நிறுத்திவிட்டு வேலையைத் தொடருங்கள். பெட்ரோல், தின்னர், ஸ்பிரே பெயின்ட், ரப்பர் பசை இவற்றில் எது பட்டாலும் தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் கரைந்து குழி விழும். சூடான கம்பியால் வெட்டுகிறவர்கள் திறந்த வெளியில் வெட்ட வேண்டும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

வெட்டிய நுரைமேல் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பட்டியைக் கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து 2 மி.மீ. கனத்துக்குப் பூச வேண்டும். வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்லிய பூச்சில் நிற்காது, தளம் அசைந்தால் சில்லுச் சில்லாக வரும். ஃபெவிக்கால் சேர்ந்தால் பிடிப்பு வரும்; காய ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறோம். படகு நீரின் மேல் உட்காருவதில்லை, நீருக்குள் இறங்கி நிற்கிறது. படகைச் சமமான கண்ணாடிமேல் வைத்து, அணியம் சற்றே உயர்ந்தும் என்ஜின் இருக்கும் பின்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி ஆப்பு வைத்து நிறுத்துங்கள். ஒரு மரக்கட்டையில் பென்சிலைப் படுக்கையாகக் கட்டி, அந்தக் கட்டையைக் கண்ணாடிமேல் தள்ளிக்கொண்டே படகைச் சுற்றி வந்தால் நீர்க்கோடு பிசகாமல் விழும். கையால் வரைந்தால் ஒரு பக்கம் 2 மி.மீ. ஏறிவிடும், படகு சாய்ந்து மூழ்குவதுபோல் இருக்கும். ஆளும் வலையும் இல்லாத ஃபைபர் படகு ஓர் அடி அளவே ஆழம் இறங்கும் என்று கொண்டால் 1:32-இல் அது 9 முதல் 10 மி.மீ. வலை ஏற்றிய படகு இன்னும் 3, 4 மி.மீ. இறங்க வேண்டும். படகில் வலையைக் குவித்துவிட்டு வெறும் படகின் நீர்க்கோட்டில் நிறுத்தினால், மீனவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அந்தக் கோடு வரைக்கும் படகு இறங்குகிற பள்ளத்தை நுரையில் குடைந்து, பள்ளத்தில் பட்டியைக் கொழகொழவென்று நிரப்புங்கள். சமையலறையில் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் படகின் அடியில் சுருக்கமில்லாமல் சுற்றி, படகைப் பள்ளத்தில் அமுக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பட்டி இறுகும் வரை விட்டுவிடுங்கள். பிறகு தூக்கினால் படகின் அச்சு அப்படியே இருக்கும். மற்ற வேலை எல்லாம் முடியும் மட்டும் படகைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடைசியில் தளத்தின் அடியிலிருந்து ஒரு ஸ்குரூ போட்டுப் பூட்டினால் போதும், பசை வேண்டாம். பழுது பார்க்கக் கழற்றிக்கொள்ளலாம்.

கட்டுமரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நீர் புகாத தொட்டி அல்ல. கட்டைகளுக்கு நடுவே நீர் ஏறி இறங்கும். மிதக்கிற கட்டுமரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கும், கட்டைகள் நனைந்து கறுத்திருக்கும், இடுக்குகளில் நீர் பளபளக்கும். உயர்த்தி வைத்தால் அது பலகைப் படகாகிவிடும். கரையேற்றிக் காட்ட விரும்புகிறவர்கள் கட்டுக் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப்போட்டிருப்பதாகக் காட்டலாம். அந்தக் காட்சி இன்று கரையில் அரிதாகிவிட்டது, அதனாலேயே செய்ய வேண்டியது.

தண்ணீர் விஷயத்துக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஊற்றியபின் இறுகும் ரெசின் என்ற பிசினை ஒன்றரை அங்குல ஆழத்துக்குக் கண்ணாடிபோல ஊற்றுகிறார்கள். அடியில் பவளமும் மீனும் வைக்கிறார்கள். உப்பனாற்றில் முழங்கை ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. அரியாங்குப்பம் ஆற்றிலும் அப்படித்தான். சேறு கலந்த பசும்பழுப்பு நீர் அது. ஆழத்தைக் காட்டும் வேலையைப் பெயின்ட் செய்துவிடும், மேலே 2 முதல் 3 மி.மீ. பளபளப்பு இருந்தால் போதும். நம் கழிமுகத்துக்கு ஆழமான ரெசின் பொய். செலவும் பல மடங்கு.

அக்ரிலிக் பெயின்டில் கரும்பழுப்பு, ஆலிவ் பச்சை, காவி மஞ்சள், துளி கறுப்பு இந்த நான்கும் வைத்துக்கொண்டு ஈரம் காயும் முன் ஒன்றோடொன்று இழைய விடுங்கள். கரையை ஒட்டிக் காவி மஞ்சள் ஓங்கட்டும். நடு ஆற்றுக்கும் படகின் நிழல் விழும் இடத்துக்கும் பசும்கறுப்பு. நீலக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் இறங்கும் நேரம் என்றால் செம்பழுப்பு கூடும். தேவனாம்பட்டினம் கடற்கரைக் காட்சி என்றால் கணக்கு வேறு: அலை உடையும் பட்டையில் மணல் கலந்த பழுப்பு, அதைத் தாண்டிப் பச்சை, அதற்கும் அப்பால்தான் நீலம். 45 செ.மீ. பலகைக்குள், அதாவது நிஜத்தில் 14 மீட்டருக்குள், நீலம் வந்து சேர இடமே இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரெசினே வேண்டாம். ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து, ஃபெவிக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் ஒட்டி, விரல் நுனியால் சின்னச் சுருக்கங்களாகத் தள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் நேர்விளிம்பு தெரியும். சுருக்கங்கள் காற்று வரும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். 1 முதல் 2 மி.மீ. உயரம் போதும், நிஜத்தில் அது 3 முதல் 6 செ.மீ. சிற்றலை, துறைமுகத்துக்குள் அதற்கு மேல் எழும்பாது. ஒரு நாள் காயவிட்டு, மேலே சொன்ன நிறங்களைத் தீட்டி, நீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை மூன்று நான்கு பூச்சு அடியுங்கள். கடைசிப் பூச்சாக ஃபெவிக்காலை விடக் கூடாது. காய்ந்ததும் கண்ணாடியாகத் தெரியும். மழைக்காலக் காற்றுப் பட்டதும் வெளுத்துப் பாலாடை கட்டும்.

இதைவிட ஒரு படி மேலே போக விரும்புகிறவர்களுக்குப் பளபளப்புத் தரும் அக்ரிலிக் ஜெல் (gloss gel). குப்பியில் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளியும். ஒரு பூச்சு 2 மி.மீ. தாண்டினால் உள்ளே காயாமல் மேகம் படிந்ததுபோல் நின்றுவிடும். தட்டைத் தூரிகையால் தட்டித் தட்டிச் சிற்றலை எழுப்புங்கள். காற்றுக்கு மறைவான பக்கத்தில், படகை ஒட்டிக் கொஞ்சம் இடத்தை மட்டும் வழவழப்பாக விடுங்கள். படகு காற்றைத் தடுக்கிறது என்பதை அந்தச் சிறிய அமைதிப் பரப்பு காட்டிவிடும். இந்த ஒன்றைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

எபாக்சி ரெசின்தான் வேண்டும் என்கிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு முதலில்: நீர்ப்பரப்பு 45-க்கு 20 செ.மீ., கனம் 3 மி.மீ. என்றால் 270 மி.லி. தேவை. ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் என்ன விகிதம், எடையிலா கொள்ளளவிலா என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே அளக்க வேண்டும். ஹார்டனர் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். கலக்கும்போது கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள், பிறகு வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். நம் ஊர் வெயில் ரெசினுக்கு எதிரி. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 25 டிகிரிக்குச் சொன்னது. 35 டிகிரியில் ஏறத்தாழ பாதி நேரமே கிடைக்கும். கலந்ததைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். பூச்சு ரெசினை ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் ஊற்றினாலும் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மஞ்சளிக்கும், வெடிக்கும், அடியிலுள்ள நுரையை உருக்கும்.

ஊற்றுவதற்கு மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் ஊற்றினால் வெயில் ஏற ஏறப் பட்டியின் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். மாலையில் சூடு இறங்கும்போது காற்று சுருங்கும், குமிழ் வராது. அதற்கு முன் மெல்லிய ரெசின் பூச்சு ஒன்றைத் தூரிகையால் தடவித் துளைகளை அடைத்துவிட்டால் இன்னும் நல்லது. மேலே வந்த குமிழை ஹேர் டிரையரை வேகமாக ஓட்டிப் போக்கலாம், ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஊற்றினால் மேலே எண்ணெய் தடவியதுபோல் ஒரு படலம் வரும். அதைத் துடைக்காமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது, பால்போல் வெளுக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து உலரவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

ஓரத்தில் அணை கட்டப் பழைய அக்ரிலிக் தகடு போதும். உள்முகத்தில் பார்சல் டேப் ஒட்டிவிட்டால் ரெசின் பிடிக்காது, இறுகியபின் இழுத்தால் வந்துவிடும். தண்ணீர் நுழையாத இடுக்கிலும் ரெசின் நிதானமாக இரவு முழுதும் நுழைந்து வழியும். நான்கு மூலைகளையும் ஹாட் குளு வைத்து அடைத்த பிறகே ஊற்றுங்கள். இன்னொரு தொல்லை, படகின் பக்கத்திலும் ஜெட்டித் தூணிலும் ரெசின் தானாகவே ஒன்றிரண்டு மி.மீ. ஏறி ஒரு கண்ணாடி விளிம்பு கட்டுவது. படகின் நீர்க்கோட்டில் மெழுகை மெல்லத் தேய்த்துவிட்டால் ஏறாது. ஏறிவிட்டால் ஜெல்லைத் தட்டி அந்த விளிம்பைச் சிற்றலையாக மாற்றி மறைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்று வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். அது தெர்மாகோலையும் எக்ஸ்பிஎஸ்ஸையும் ஒரே நிமிடத்தில் கரைத்துவிடும். இறுகும்போது சுருங்கி ஓரம் விட்டுப்போகும், அதன் வாடை வாரக்கணக்கில் போகாது. அதைவிட முக்கியம், அதனுடன் தரும், இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறை ஆள்களுக்கு இது தெரியும், வீட்டில் வைத்துச் செய்யும் பிள்ளைகளுக்குத் தெரியாது. வகுப்பறைக்குள் அந்தப் பொருள் வரவே கூடாது. எபாக்சி என்றாலும் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

கரைக்கு நிறம் கொடுப்பதில் ஏற்றவற்றத்தை மறந்துவிடுகிறார்கள். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரளவுக்குப் போகும். ஆகவே ஜெட்டித் தூணில் கருமையும் பாசியும் சிப்பியும் படிந்த பட்டை 1:32-இல் 2 முதல் 3 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. தூண் முழுக்கப் பாசி தடவியிருந்தால் அது வேறு நாட்டுத் துறை. பட்டையின் அடியில் நீரை ஒட்டி ஈரக் கறுப்பு, அதன்மேல் வெளிர் சாம்பலாக ஆளிச் சிப்பியும் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிரும், அதற்கு மேலே காய்ந்த சிமென்ட். சிப்பிக்கு முட்டை ஓட்டைக் கழுவி, உள் சவ்வை உரித்து, பொடியாக நொறுக்கி ஒட்டுங்கள். ரவை, காபித்தூள், தேயிலைத்தூள் எதையும் பயன்படுத்தாதீர்கள். முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சை பூக்கும், எறும்பும் வரும்.

மணலைக் கடற்கரையிலிருந்து அள்ளி அப்படியே ஒட்டுவதும் தவறுதான். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், பெயின்டின் மேல் வெள்ளையாகப் பூக்கும், ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும். நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை கழுவி வாணலியில் வறுத்து எடுக்க வேண்டும். அப்படியும் அளவு பொருந்தாது: அரை மி.மீ. மணல் 1:32-இல் ஒன்றரை செ.மீ. கல்லுக்குச் சமம். துணியில் சலித்த நைசான பகுதியை மட்டும் எடுங்கள், அல்லது டைல்ஸ் இடுக்குக்குப் போடும் கிரவுட் பொடியைப் பெயின்டோடு கலந்து பூசுங்கள். ஆற்றங்கரைச் சேற்றுக்கு அதுவே பொருத்தம். ஈரமாக இருக்கும் நீர் விளிம்பில் மட்டும் அரை அங்குல அகலத்துக்குக் கருமை கூட்டிப் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். கடற்கரை என்றால் அலை விலகும் இடத்தில் கருமணல் கோடுகளை மெல்லியதாக இழுக்க மறக்காதீர்கள்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைக் காட்டுகிறவர்களுக்குக் கருங்கல் வேலை மிகச் சுலபம். 40 மி.மீ. ஜல்லி 1:32-இல் நாலடிப் பாறை, 20 மி.மீ. ஜல்லி இரண்டடிப் பாறை. இரண்டையும் கலந்து, அடுக்கியதாகத் தெரியாமல் கொட்டியதாகவே வையுங்கள். கூர்முனையுள்ள உடைகல்தான் வேண்டும், உருண்ட கூழாங்கல் ஆகாது. எந்தக் காலத்தைக் காட்டுகிறோம் என்பது இங்கே முக்கியம். 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் வடக்கே மணல் அரித்துப்போனது. 1970-களின் கட்டுமரத்தைக் காட்டினால் அதற்கு முன்னால் மணற்கரை இருக்க வேண்டும், கருங்கல் மட்டும் இருந்தால் பொருந்தாது. 2022-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்த பழைய துறைமுகப் பாலத்தைப் பின்னணியில் வைப்பவர்களும் இடிவதற்கு முன்னா, பின்னா என்று முடிவு செய்துகொண்டே தொடங்க வேண்டும். கடலூர்க் கரையிலும் 2004 சுனாமிக்குப் பின்தான் ஃபைபர் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகின. கரை நிறையக் கட்டுமரமும் ஓரத்தில் ஒரே ஒரு ஃபைபர் படகும் ஒரு காலம், அதைத் திருப்பிப் போட்டது இன்னொரு காலம்.

பிச்சாவரம் பக்கத்துக் காட்சி என்றால் அலையாத்தியும் சுரபுன்னையும் ஒன்றல்ல. அலையாத்தியின் மூச்சுவேர் சேற்றிலிருந்து பென்சில் முனைபோல நிமிர்ந்து நிற்கும். தென்னை ஈர்க்கு அதற்குத் தடிப்பு அதிகம். பழைய பெயின்ட் தூரிகையின் முடியை 5 முதல் 8 மி.மீ. நறுக்கி நட வேண்டும், அதுவும் நெருக்கமாக, நூற்றுக்கணக்கில். சுரபுன்னைக்கு மின்வயரின் செம்பு இழைகளை முறுக்கி, வளைந்த முட்டுவேராக நீருக்குள் இறக்க வேண்டும். வேர் நீரில் இறங்கும் இடத்திலும் அந்த ஏற்றவற்றப் பட்டை உண்டு.

கயிறு சின்ன விஷயம்தான், ஆனால் காட்சியைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். 20 மி.மீ. வடம் 0.6 மி.மீ. நூலாக வரும். பருத்தி நூலில் பிசிர் இருக்கும், தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் படிந்துவிடும். இன்று துறையில் கிடப்பது பச்சை, நீலம், ஆரஞ்சு நைலான் கயிறுகள், தேங்காய் நாரின் நிறம் அல்ல. சிறிய நூல் தன் எடையால் தொய்யாது, விறைப்பாக நிற்கும். நீர்த்த ஃபெவிக்காலில் நனைத்து, இரண்டு முனையையும் கட்டி, நடுவில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைத் தொங்கவிட்டுக் காயவிட்டால் இயல்பான தொய்வு நிலைத்துவிடும். கட்டிய படகின் கயிறு வற்றத்தில் தொய்வில்லாமல் ஜெட்டியிலிருந்து கீழே இறங்கும், ஏற்றத்தில் தொய்ந்து கிடக்கும். நீர்மட்டத்துக்கும் கயிற்றுக்கும் முரண்பாடு வராமல் பாருங்கள். நங்கூரத்தில் நிற்கும் படகுகள் பல இருந்தால் எல்லாவற்றின் அணியமும் நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, எதிர்த்து ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கட்டிக் கிடக்கும் ஃபைபர் படகில் என்ஜினின் நீள்தண்டு நீருக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும், நீருக்குள் விடக் கூடாது. ஜெட்டியில் தொங்கும் டயருக்குப் பிளம்பிங் கடையில் கிடைக்கும் 19, 20 மி.மீ. ரப்பர் வாஷர் சரியாக இருக்கும். கொசுவலை 1 மி.மீ. கண்ணுள்ளதாக இருந்தால் மீன்வலைக்கு ஆகும். புதிதாகப் பளிச்சென்று இருக்காமல் தேயிலை நிறப் பெயின்டில் ஒரு முறை முக்கி எடுங்கள்.

முடிந்த தளத்தை மூடிவைக்க 3 மி.மீ. அக்ரிலிக் பெட்டி செய்யுங்கள். அடியில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு சிறு துளைகள் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் வியர்க்கும். ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது, எபாக்சி மஞ்சளிக்கும். பூச்சி வராமல் இருக்கட்டும் என்று நாஃப்தலீன் உருண்டையோ கற்பூரமோ உள்ளே போடுகிறார்கள். அதன் ஆவி தெர்மாகோலையும் எக்ஸ்பிஎஸ்ஸையும் மெல்ல மெல்ல இளக்கிவிடும், சில மாதத்தில் கரை உள்வாங்கும். மூச்சுத் துளைக்கு அருகே சிலிக்கா ஜெல் பை ஒன்றை வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் நடுவிலும் அதை எடுத்து அடுப்புச் சூட்டில் நன்றாக உலர்த்தி மறுபடி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
மாதிரிப் படகு செய்வோர் சிலர்,
கடலூர் முதுநகர்.